ஈத்தாக்சைடு சேர்த்தவர்

விடைத்தாள் திருத்தும் முகாமின் இரண்டாம் நாள், காலை பதினொன்றேகால் மணி. டீயோடு வந்த உளுந்த வடை வயிற்றில் எந்தப் பக்கம் இறங்குவது என்று தீர்மானிக்காமல் நின்றுகொண்டிருந்தது. பேராசிரியர் ஞானதிரவியம் தன் பங்குக்கு வந்த எழுபத்தெட்டாவது விடைத்தாளில் எட்டாவது கேள்விக்குச் சிவப்பு மையால் ஒரு பூஜ்யம் போட்டார். நல்ல பூஜ்யம். இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் உருண்டு திரண்டு வந்த பூஜ்யம். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும், வால் நீட்டாது. போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனவரின் கை பாதியில் நின்றது. கண் எதையோ பார்த்துவிட்டிருந்தது, மூளைக்கு இன்னும் சொல்லவில்லை. ‘பஸ்’ என்று ஒரு சொல். கரிம வேதியியல் விடைத்தாளில் பஸ்ஸுக்கு என்ன வேலை? பிள்ளைகள் எதையும் எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒருவன் பென்சீன் வளையத்துக்குள் கண், மூக்கு, வாய் வரைந்து வைத்திருந்தான். ஒருத்தி, ஐயா எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது, இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி, மாப்பிள்ளை வீட்டில் டிகிரி முடித்ததாகச் சொல்லியிருக்கிறோம் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாள், அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அந்த மாதிரி ஏதோ ஒன்று, வடையின் கனத்துக்குக் கொஞ்சம் சிரிப்பாவது மிஞ்சும் என்று நினைத்து அவர் பின்னால் போய் அந்த விடையை முதல் வரியிலிருந்து படித்தார். “புரோமின் இருக்கும் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் நிற்கின்றன. காலை எட்டு மணி பஸ் மாதிரி நெரிசல். ஈத்தாக்சைடால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அது வலுவான காரம், சும்மா திரும்பிப் போகாது. படிக்கட்டில் தொங்கும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் குலுக்கலில் புரோமின் தானாக இறங்கிவிடும். ஆகவே கிடைப்பது 2-மெத்தில்புரோப்பீன். அது வாயு. வினை முடிந்த பிறகு குடுவையில் தேடினால் இருக்காது.” கீழே வினைவழிமுறை, வளைந்த அம்புக்குறிகளோடு, ஒவ்வொரு அம்பும் எலக்ட்ரான் இருக்கிற இடத்தில் புறப்பட்டுப் போக வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கும் கீழே, இடம் மிச்சம் இருக்கிறதே என்று எழுதியது போல ஒரு வரி: “கேள்வியில் ஈத்தாக்சைடு கொடுக்காமல் வெறும் எத்தனால் மட்டும் கொடுத்திருந்தால் ஈதர் என்று எழுதியிருப்பேன்.”

ஞானதிரவியம் நிமிர்ந்தார். அரங்கத்தில் பதினாறு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று மட்டும் சுற்றுக்கு ஒரு தரம் டக் என்றது, இத்தனை நேரம் அது காதில் விழவே இல்லை, இப்போது அது மட்டும்தான் விழுந்தது. மேசை மேல் கிடந்த அச்சிட்ட விடைக்குறிப்பை எடுத்தார். முகாமில் எல்லோரும் அதைக் ‘கீ’ என்பார்கள். எட்டாவது கேள்வி: மூவிணைய பியூட்டைல் புரோமைடை எத்தனாலில் சோடியம் ஈத்தாக்சைடுடன் சூடாக்கினால் கிடைக்கும் முதன்மை விளைபொருள் யாது, வினைவழிமுறையுடன் விளக்குக, பத்து மதிப்பெண். கீ சொன்ன விடை: ஈதர், பதிலீட்டு வினை. அதாவது புரோமின் எழுந்து போகும், அந்த இடத்தில் ஈத்தாக்சைடு போய் உட்காரும். பொய். அப்பட்டமான பொய். மூன்று மெத்திலுக்கு நடுவில் அது எங்கே போய் உட்காரும்? அது ஹைட்ரஜனைத்தான் பிடுங்கும், புரோமின் போன இடம் காலியாகவே கிடக்கும், பக்கத்துக் கார்பனும் அந்தக் கார்பனும் இரட்டைப் பிணைப்பாகிவிடும், அதற்குப் பெயர் நீக்கம். இதை அவர் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவர். பருத்த ஆள் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளேயும் கூட்டமாயிருந்தால் என்று ஆரம்பித்துக் கையை விரித்துக் காட்டுவார், பிள்ளைகள் அவருடைய தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படியிருக்க நேற்றுக் காலையிலிருந்து ஈதர் என்று எழுதியவர்களுக்கெல்லாம் பத்து போட்டு, சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் உருண்டை உருண்டையாகப் பூஜ்யம் போட்டிருக்கிறார். படித்தா போட்டார்? கடைசி வரியில் ஈதர் இருக்கிறதா, டிக். இல்லையா, உருண்டை. கண்ணும் கையும் பார்த்துக்கொண்டன, மூளைக்கு விடுமுறை. எந்த மடையன் இந்தக் கீயை எழுதினான் என்று கேட்டுவிடலாம். கேட்பதில் ஒரே ஒரு சங்கடம்தான். எழுதினவர் ஞானதிரவியம்.

வினாத்தாள் தயாரிக்கிறவர் யார் என்பது பல்கலைக்கழகத்தின் தேர்வு அலுவலகத்துக்கும் அந்த ஆளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. ஞானதிரவியம் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லியிருந்தார். கிறிஸ்டபெல் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை, சரி, கதவச் சாத்திட்டு எழுதுங்க என்றாள். ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை. முதலில் கேள்வியில் வெறும் எத்தனால்தான் இருந்தது. அதற்கு ஈதர்தான் விடை, அதன்படி கீயையும் எழுதி முடித்துவிட்டார். அப்புறம் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையை இன்னொரு தரம் படித்தார், வினாக்கள் மாணவரின் உயர்நிலைச் சிந்தனையைத் தூண்டுவனவாக அமைதல் வேண்டும். தன் கேள்வியைப் பார்த்தார். மெலிந்து போய், எலும்பு தெரிய நின்றது. போன வருஷ வினாத்தாள் ரொம்ப லேசு என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். பேனாவை எடுத்தார். எத்தனாலுக்குப் பின்னால் ‘சோடியம் ஈத்தாக்சைடுடன்’ என்று இரண்டே இரண்டு சொல் சேர்த்தார். ஆகா, கேள்விக்கு இப்போதுதான் ஒரு களை வந்தது. அடுத்த வேலை கீயைத் திருத்துவது, திருத்தத்தான் போனார், சத்தியமாகத் திருத்தத்தான் போனார், அப்போது அடுப்படியிலிருந்து, ஏங்க, சாளக்காரர் தெருமுக்குத் தாண்டிட்டாரு, ஒரு எட்டுப் போய் நிப்பாட்டுங்க என்று சத்தம். போனார். நல்ல சாளை மீன். செதிலெல்லாம் வெள்ளி மாதிரி. குழம்பு வைத்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டிவிட்டார். கிறிஸ்டபெல் எப்போதும் சொல்வாள்: நீங்க எதையும் இருக்கிறபடி விட மாட்டீங்க, ஒண்ணு சேக்கணும் உங்களுக்கு. கல்யாணப் பத்திரிகையில் தன் பேருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பிஎச்.டி. போதாதென்று தட்டச்சு லோயர் பாஸ் செய்ததையும் சேர்த்தவர். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குழம்பில் புளி சேர்ப்பவர். ஆனால் இது புளி இல்லை. ஆறாயிரத்துச் சொச்சம் விடைத்தாள்.

“என்ன சார், ஒரே பேப்பர அடைகாக்கீங்க?”

பக்கத்து நாற்காலி சங்கரபாண்டியன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை, நாற்பது வயது, விடைத்தாளின் தடிமனைப் பார்த்தே மதிப்பெண் சொல்லிவிடுவார் என்று பேர். இரண்டு பேருக்கும் ஒரே மேசை. அவர் பக்கத்தில் கட்டி முடித்த கட்டுகள் இட்லி மாதிரி அடுக்கியிருந்தன.

“இல்ல சார், எட்டாவது கேள்வி,” என்றார் ஞானதிரவியம். “நீங்க எப்படிப் போடுதீங்க?”

“எட்டா? கீயில என்ன இருக்கோ அது. ஈதர்னா பத்து, இல்லன்னா முட்டை. ஈசியான கேள்வி சார், அதுலதான் நமக்கு நேரம் மிச்சம்.” அவர் பேனாவை நிறுத்தவேயில்லை. “நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி ரயிலு எனக்கு. தங்கச்சி வீட்டுல காதுகுத்து. தாய்மாமன் மடி என்னுது சார், நான் போய்ச் சேரலேன்னா புள்ளைக்குக் காது குத்த மாட்டாவ.”

ஒரு காது குத்தாமல் நிற்கிற குழந்தையும் ஞானதிரவியத்தின் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே ஏற்கெனவே நல்ல கூட்டம். மெதுவாக யோசிப்போம், பதறக் கூடாது, பதறினால் இன்னொரு தப்பு வரும். ஒன்று, பேசாமல் இருப்பது. யாருக்கும் தெரியாது. ரகசியம் என்பது எதற்காக இருக்கிறது? அவரைப் பாதுகாக்கத்தான் இருக்கிறது, சட்டமே அவர் பக்கம். இரண்டு, இந்த ஒரு விடைத்தாளுக்கு மட்டும் பூஜ்யத்தை அடித்துப் பத்து போட்டுவிட்டு ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது. மூன்று... மூன்றாவதை மனசு எடுத்துப் பார்க்கக்கூட மாட்டேன் என்றது. முன்பக்கத்தில் இருந்த மதிப்பெண் கட்டத்தைப் பார்த்துக் கூட்டினார். எட்டாவது கேள்வி போக இருபத்து மூன்று. மறுபடியும் கூட்டினார், இருபத்து மூன்றுதான். எழுபத்தைந்துக்கு முப்பது எடுத்தால் தேர்ச்சி. பத்து போட்டால் முப்பத்து மூன்று, பாஸ். போடாவிட்டால் ஃபெயில். எட்டு மணி பஸ்ஸில் வருகிற பிள்ளை, பேர் எழுதின பகுதியைக் கிழித்துவிட்ட தாள், ஆணா பெண்ணா தெரியாது. மற்ற கேள்விகளையெல்லாம் சுமாராகத்தான் எழுதியிருக்கிறது, கந்தக அமிலத்துக்கு ஒரு ஹைட்ரஜன் குறைவு, இந்தக் கேள்வி ஒன்றைத்தான் புரிந்து எழுதியிருக்கிறது, புரிந்து எழுதின ஒன்றுக்குத்தான் பூஜ்யம். வாயு, குடுவையில் தேடினால் இருக்காது. இதை எழுத ஒரு தைரியம் வேண்டும். அவர் தன் பிஎச்.டி. நேர்முகத்தேர்வில் இதே மாதிரி ஒரு கேள்விக்கு, ஐயா இரண்டும் வரும், எது கூட என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் தொண்டையைக் கனைத்தார். கனைத்ததையே பதிலாக எடுத்துக்கொண்டு பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கனைத்தே காலம் ஓடிவிட்டது. ஒரு கேள்வியைக் கனமாக்கவும் தெரிந்தது, அதன் பதிலைத் திருத்துவதற்கு மட்டும் மீன் வந்துவிட்டது. மீனைக் குறை சொல்லாதே. அந்த மீன் என்ன செய்யும்.

தேவசிகாமணி ஞாபகத்துக்கு வந்தார். வரக் கூடாது என்று எத்தனை வருஷமாகக் கதவை அடைத்து வைத்திருந்தாலும் இந்த மாதிரி நேரத்தில் சரியாக வந்துவிடுவார், கையில் குடையோடு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஞானதிரவியம் திருச்சபையில் செயலாளர். ஒரு கல்யாண ஆராதனை. பாட்டு எண்களைப் பலகையில் செருகுவது அவர் வேலை. 216 என்று செருக வேண்டியதை 261 என்று செருகிவிட்டார். ஆர்கன் வாசித்தவர் தேவசிகாமணி, பலகையைப் பார்த்தார், வாசித்தார். அது சவ அடக்க ஆராதனைப் பாட்டு. சபையும் எழுந்து நின்றது, முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் யார் முதலில் நிறுத்துவது? ஆராதனை நடத்திய போதகர் ஐயரும் நிறுத்தவில்லை. ஐந்து சரணமும் பாடினார்கள். மண்ணுக்கு மண்ணாய் என்று வருகிற இடத்தில் மணப்பெண் அழுதாள், பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஆர்கன் பக்கம் போனார். பலகையில என்ன இருந்துச்சோ அததான் ஐயா வாசிச்சேன் என்றார் தேவசிகாமணி. எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். பலகை காலி. அதற்குள் எண்களையெல்லாம் உருவிப் பெட்டியில் போட்டுவிட்டிருந்தார் செயலாளர். தேவசிகாமணி அடுத்த மாதமே வேறு சபைக்குப் போய்விட்டார். இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து குடையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொல்கிறார், முகத்தில் ஒன்றும் இருக்காது. அதுதான் பொறுக்க முடியாதது. திட்டினால் தேவலை. இவரும் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாத ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவார். அப்படி வாங்கிய வெற்றிலைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. வீட்டில் யாரும் வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை.

எழுந்தார். முட்டியில் ஒரு சத்தம். அரங்கத்தின் கோடியில், மேடைக்குக் கீழே, தனி மேசையில் முகாமின் தலைமைத் தேர்வாளர் டாக்டர் உலகம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, சின்ன உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. போன முகாமில் ஒருவர் கூட்டலில் தப்பு விட்டதற்கு, நானூறு தாளை மறுபடியும் கூட்டிருங்க சார் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அந்த மனிதர் அதன் பிறகு முகாமுக்கே வரவில்லை. ஞானதிரவியம் மேசைகளுக்கு நடுவே நடந்தார். இரண்டு பக்கமும் சிவப்புப் பேனாக்கள் சரசரவென்று ஓடுகிற சத்தம், ஓலைக்கூரையில் மழை விழுகிற மாதிரி, ஒவ்வொரு பேனாவும் அவருடைய உருண்டையைப் போட்டுக்கொண்டிருந்தது, இவர் பட வேண்டிய அவமானத்தையெல்லாம் நாற்பது பேர் சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம், கீயில் ஒரு சிறு பிழை இருப்பதாகத் தோன்றுகிறது. ‘தோன்றுகிறது’ வேண்டாம், தெரிகிறது. சிறு பிழை என்று ஏன் சொல்ல வேண்டும், அது சிறுசா? எழுதியவர் கவனக்குறைவாக... எழுதியவரை ஏன் இழுக்க வேண்டும்? கீ தன்னைத்தானே எழுதிக்கொண்டது போலச் சொல்ல முடியாதா, செயப்பாட்டு வினையில்? எழுதப்பட்டுவிட்டது. தமிழில் அதற்கு வசதி உண்டு. மேசைக்கு வந்துவிட்டார். உலகம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“சொல்லுங்க சார்.”

“மேடம்,” என்றார். தொண்டையைக் கனைத்தார். “ரெட் பேனா ஒண்ணு வேணும்.”

உலகம்மாள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “எழுதிப் பாத்துக்கோங்க. சிலது மக்கர் பண்ணுது.” அவர் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தார். நன்றாக எழுதியது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

இப்போது அவரிடம் மூன்று சிவப்புப் பேனா. உட்கார்ந்தார். நாற்காலி இன்னும் சூடாகவே இருந்தது, அவருடைய சூடு, கோழை மனிதனுடைய சூடு. விடைத்தாளை அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்: ஈதர், அழகான கையெழுத்து, கோடு போட்டு, தப்பு. அடுத்தது: கேள்வியையே திருப்பி எழுதியிருந்தது. அடுத்தது: 2-மெத்தில்புரோப்பீன். இன்னொன்றா! எத்தனை பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள்? நேற்று எத்தனை? நேற்றைய உருண்டைகளை ஞாபகப்படுத்திப் பார்த்தார், எல்லா உருண்டையும் ஒன்று போலவே இருந்தது, எதற்குள்ளே எட்டு மணி பஸ் இருந்தது, எதற்குள்ளே வெறும் காற்று இருந்தது என்று யார் சொல்வது? பிடிபட்டால் என்ன செய்வார்கள்? இனிமேல் வினாத்தாள் தர மாட்டார்கள். நல்லதுதான், சனிக்கிழமை மிச்சம். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதைக் கல்லூரி முதல்வர் பிரிப்பார், முதல்வர் பிரித்தால் அலுவலகம் முழுக்கப் படித்தது போல, அலுவலகம் படித்தால் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷப் பையன்கள் வரைக்கும் போய், அவர் வகுப்புக்குள் நுழையும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், ஈதர் வந்தாச்சு என்று சொல்லும். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். நாலு வருஷம் ஈதர். பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்தும்போதுகூட யாராவது சிரிப்பார்கள். ஈதர் என்றால் மயக்க மருந்து வேறு, அதை வைத்து அவர் வகுப்பெடுக்கும் லட்சணத்தையும் சேர்த்துச் சொல்ல வசதி. அந்தக் கேலியின் பொருத்தம் அவருக்கே பிடித்துப்போய் ஒரு கணம் சிரித்துவிட்டார். சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தார். வடை அப்போதுதான் ஒரு பக்கமாக நகர்ந்தது. அடியில் இருந்த எழுபத்தெட்டாவது தாளை உருவினார். ஈத்தாக்சைடு கொடுக்காமல் வெறும் எத்தனால் மட்டும் கொடுத்திருந்தால். இதை இந்தப் பிள்ளை எப்படி எழுதியது? ஆகஸ்டு மாதச் சனிக்கிழமை அந்த அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்த மாதிரி. யார் வினாத்தாள் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது, எல்லாம் ரகசியம், ஆனால் அவர் எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்பது மட்டும் பேரில்லாத ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அது கோபமாகக்கூட எழுதவில்லை. விளக்கம் போல எழுதியிருக்கிறது. நீங்கள் எங்கே தடுமாறுவீர்கள் என்று எனக்குத் தெரியும் ஐயா, பயப்படாதீர்கள் என்பது போல. தாளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை வாக்கியம் எதையும் தயார் செய்யவில்லை. தயார் செய்தால் பேனாதான் கிடைக்கிறது.

“மேடம், எட்டாவது கேள்விக்குக் கீ தப்பு.”

உலகம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “தெரியும் சார்.”

“தெரியுமா?”

“நேத்து சாயந்திரமே ரெண்டு பேரு வந்து சொன்னாங்க. நானும் போட்டுப் பார்த்தேன், தப்புதான். யூனிவர்சிட்டிக்கு போன் பண்ணினேன். கீ எழுதினவரே திருத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் மாத்தலாமாம். யாரு எழுதினதுன்னு கேட்டேன், அது ரகசியம், சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அவருக்குத் தபால் போட்டிருக்காங்களாம்.” அவர் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. “தபால் போய், அவரு பிரிச்சு, பதில் போட்டு வரதுக்குள்ள நாளைக்கு மத்தியானம் கேம்ப் முடிஞ்சிரும்.”

“அப்ப பிள்ளைங்க?”

“அரியர் எழுதும்.”

டக் என்றது மின்விசிறி. தபால் போட்டிருக்கிறார்கள். அது நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வரும், கிறிஸ்டபெல் அதை வாங்கித் தொலைக்காட்சிப் பெட்டி மேல், மின்கட்டணச் சீட்டுக்கு அடியில் வைப்பாள், அங்கே பத்திரமாகக் கிடக்கும். அவர் இங்கே நிற்கிறார். ஊர் முழுக்கத் தேடுகிற ஆள் தேடுகிறவரின் மேசை முன்னால், கையில் விடைத்தாளோடு நிற்கிறார். இப்போதுகூட, சரி மேடம், பாவம் பிள்ளைங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம். நல்ல மனிதர், அக்கறையோடு வந்து சொன்னார் என்று பெயர்கூட மிஞ்சும். பலகை காலி. எண்கள் பெட்டிக்குள். எவ்வளவு சுலபம், இரண்டு விரலால் உருவினால் போதும். உருவின அந்த இரண்டு விரலும் இப்போது தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“ஒரு வெள்ளைப் பேப்பர் தாங்க மேடம்.”

“எதுக்கு சார்?”

“எழுதிக் குடுக்கேன்.”

உலகம்மாளுக்கு ஒரு நொடி பிடித்தது. அப்புறம் அவரை ஏற இறங்கப் பார்த்தார், ஒரு விடைத்தாளை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கூட்டிப் பார்க்கிற நேரம். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். ஞானதிரவியம் உட்கார்ந்து எழுதினார். கேள்வி எண், சரியான விடை, வினைவழிமுறை, அம்புக்குறிகள். அம்புகள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. கீழே பெயர், கையெழுத்து, தேதி. உலகம்மாள் வாங்கிப் படித்தார். புரோமினுக்கு மேல் ஒரு எதிர்க்குறி விட்டுப்போயிருந்தது, பென்சிலால் தொட்டுக் காட்டினார், அவர் போட்டார்.

“எத்தனாலோட விட்டிருந்தா சரியா வந்திருக்கும்,” என்றார் உலகம்மாள். “ஏன் சார் ஈத்தாக்சைடச் சேத்தீங்க?”

“கேள்வி கொஞ்சம் கனமா இருக்கட்டுமேன்னு...”

உலகம்மாள் தலையைத் திருப்பி, அரங்கம் முழுக்க மேசை மேசையாக அடுக்கியிருந்த கட்டுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“கனமாத்தான் இருக்கு,” என்றார்.

அந்த மேசையை விட்டு எழுந்தபோது உடம்பு லேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கதைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியொன்றும் இல்லை, பசித்தது. அவர் தன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்துவிட்டு, உலகம்மாள் எழுந்து நின்று, சத்தம் கூட்டாமல், கீ எழுதினவர்கிட்ட இருந்து திருத்தம் வந்திருக்கு, எட்டாவது கேள்விக்கு விடை நீக்கம், பதிலீடு இல்ல, நேத்துல இருந்து திருத்தின எல்லாக் கட்டையும் அவுத்து அந்த ஒரு கேள்விய மட்டும் மறுபடி பாத்திருங்க என்றார். நாற்பது பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள், அது ஒரு பெரிய விலங்கு புரண்டு படுத்த மாதிரி இருந்தது. அப்புறம் சொன்னார், அடிச்சுத் திருத்துற ஒவ்வொரு இடத்துலயும் முழுக் கையெழுத்தும் தேதியும் வேணும், இனிஷியல் செல்லாது. ஞானதிரவியத்தின் முழுக் கையெழுத்து எஸ்.ஏ.பி.ஞானதிரவியம் என்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எழுத்துக்கு எழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. முதல் கையெழுத்தை எழுபத்தெட்டாவது தாளில் போட்டார். உருண்டையைக் குறுக்காக அடித்துப் பக்கத்தில் பத்து என்று எழுதினார், எண்ணாலும் எழுத்தாலும். முப்பத்து மூன்று. அந்தப் பிள்ளைக்கு எதையாவது எழுத வேண்டும் போலிருந்தது, ஆனால் விடைத்தாளில் திருத்துபவர் குறிப்பு எதுவும் எழுதக் கூடாது. இரண்டு புள்ளியையும் கொஞ்சம் அழுத்தி வைத்தார்.

பக்கத்தில் சங்கரபாண்டியன் முதல் கட்டின் நூலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முடிச்சு நேற்று அவரே இறுக்கிப் போட்டது. “காது குத்துன மாதிரிதான் போங்க,” என்றார். “ஏன் சார், எவன் சார் இந்தக் கீய எழுதுனது? படிச்சவந்தானா அவன்? மூணு மெத்தில வச்சுக்கிட்டு பதிலீடுன்னு எழுதியிருக்கானே, அவனுக்குப் பாடம் எடுத்த வாத்தியாரச் சொல்லணும். அவனும் எங்கயோ ஒரு காலேஜில சம்பளம் வாங்கிட்டு, சாளக்குழம்பச் சாப்பிட்டுட்டு, மத்தியானம் தூங்கி எந்திரிப்பான் சார்.”

ஞானதிரவியம் திடுக்கிட்டுப் பார்த்தார். அது சும்மா வாய்க்கு வந்தது, வேறொன்றுமில்லை. அரை மணி நேரம் அந்த வசவு நிற்கவில்லை. கீ எழுதினவனின் படிப்பில் தொடங்கி, அவன் பிஎச்.டி.யை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று வந்து, அவன் வேட்டி கட்டும் விதம் வரைக்கும் போனது. ஒவ்வொன்றுக்கும் கடைசியில், சரிதானே சார்? ஞானதிரவியம், சரிதான் என்றார். பதினேழாவது கையெழுத்தில் மணிக்கட்டு வலித்தது. இருபத்து இரண்டாவதில் இனிஷியல் மூன்றும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

“அந்த ஆளு மட்டும் யாருன்னு தெரிஞ்சுது...” என்றார் சங்கரபாண்டியன்.

ஞானதிரவியம் பேனாவைக் கீழே வைத்தார். ரகசியம்தான், சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒரு தரம் சொன்ன வாய்க்கு இரண்டாம் தரம் அவ்வளவு கஷ்டமாயில்லை. “நாந்தான் சார்,” என்றார்.

சங்கரபாண்டியன் அவரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி, வழுக்கை, சட்டைப் பையில் மூன்று சிவப்புப் பேனா. நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடியும் நூலைப் பல்லில் கவ்வினார்.

“போங்க சார், நீங்க ஒரு ஆளு. மனுசன் எரிச்சல்ல இருக்கயில,” என்றார் பல்லிடுக்கில். “உங்களுக்கெல்லாம் யாரு சார் பேப்பர் செட்டிங் குடுப்பா?”

ஞானதிரவியத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. பதினாலு வருஷமா எனக்குத்தான் குடுக்காங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அடுத்த கட்டை அவிழ்த்தார்.